பட்டாள டாக்டருக்கு ஒரு நியாயம், பட்டிக்காட்டு டாக்டருக்கு ஒரு நியாயமா?

சென்ற வாரம் ஆவடியில் ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்தோம். அந்தத் தெருவிலே இரண்டு பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். பாஸ் செய்திருக்கிறார்கள். இருவரும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். ஒருவருடைய தகப்பனார் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்தவர். மற்றவருடைய தகப்பனார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மிஷின் ஓட்டியவர். முதல் பிள்ளை பட்டாளத்து டாக்டராகி அங்கேயே மேற்படிப்புக்கு மனுப் போடப் போகிறாராம். இரண்டாவது பிள்ளை பள்ளிப்பட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். சர்க்கார் டாக்டர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மேற்படிப்புக்கு மனுப் போடப் போகிறாராம்.

அங்கே இருந்த ஒரு பெரியவர், நல்ல மனிதர், பென்ஷன் வாங்குகிறவர், சொன்னார்: “பட்டாளத்துக்குப் போய்ப் படிக்கிறேன்னா அது நாட்டுக்குச் செய்யற சேவை, கௌரவம். நீ கிராமத்து ஆஸ்பத்திரியிலே ரெண்டு வருஷம் இருந்துட்டுக் கோட்டாவிலே சீட்டு வாங்கறேங்கறியே தம்பி, அது மார்க்கு வாங்கினவன் வயித்திலே அடிக்கிறது இல்லையா?”

அந்தப் பிள்ளை சிரித்துக் கொண்டே, “மாமா, அவனும் கோட்டாதான், நானும் கோட்டாதான். அவன் சட்டை பச்சை, என் சட்டை வெள்ளை. அவ்வளவுதான்” என்றார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. நாம் அன்று இரவு முழுவதும் இதையே யோசித்தோம். ஒரே தெரு, ஒரே படிப்பு, ஒரே விதமான விண்ணப்பம். ஒன்றுக்கு மாலை, மற்றொன்றுக்கு ஏச்சு! இதற்கு என்ன காரணம் என்று வாசகர்களும் சற்று யோசிக்க வேண்டுகிறோம்.

பட்டாளத்து முறை என்ன?

முதலில் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம். எம்.பி.பி.எஸ். படித்தவர் எம்.டி., எம்.எஸ். படித்து நிபுணராக வேண்டுமானால் இப்போது நீட் முதுநிலைப் பரீட்சை எழுத வேண்டும். 200 கேள்வி, 800 மார்க்கு. சரியான விடைக்கு 4, தப்பு விடைக்கு 1 குறையும். பட்டாளத்துக்காரருக்கும் இதே பரீட்சைதான், சிவிலியனுக்கும் இதே பரீட்சைதான்.

ஆனால் பரீட்சைக்குப் பிறகு வழி பிரிகிறது. 1948-ம் ஆண்டு மே மாதம் புனாவில் ஏற்பட்ட ராணுவ மருத்துவக் கல்லூரி, டில்லி ராணுவ ஆஸ்பத்திரி, பம்பாய்க் கடற்படை ஆஸ்பத்திரியான அஸ்வினி, பெங்களூர் விமானப்படை ஆஸ்பத்திரி முதலிய ஸ்தாபனங்களில் உள்ள மேற்படிப்பு இடங்களுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். படையிலே உத்தியோகம் பார்க்கும் டாக்டர்கள் முதல் வரிசையில் நிற்கிறார்கள். சிவிலியன் டாக்டர் கடைசி வரிசையில் நிற்கிறார். முன்னால் நிற்பவர்கள் எடுத்தது போக மிஞ்சியதுதான் அவருக்கு. அதுவும் சும்மா அல்ல. படிப்பு முடிந்ததும் ஷார்ட் சர்வீஸ் கமிஷன் அதிகாரியாகச் சில வருஷம் படையில் உழைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இதன் அர்த்தம் என்ன? வெளியிலுள்ள ஒரு சிவிலியன் பட்டாள டாக்டரைவிட அதிக மார்க்கு வாங்கியிருந்தாலும் வரிசையில் பட்டாள டாக்டருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பதே. இதை யாராவது அநியாயம் என்கிறார்களா? இல்லை. நாமும் சொல்லவில்லை. ஏன்? லடாக்கிலும் ராஜஸ்தான் மணலிலும் காயம்பட்ட சிப்பாய்க்கு அறுவை செய்ய ஒருவர் வேண்டும். அந்த இடத்துக்குப் போகிறவருக்குத்தான் படிப்புக் கொடுக்க வேண்டும். படித்த பின் அவர் அங்கேயே இருக்க வேண்டும். இது பச்சைக் குழந்தைக்கும் விளங்கும் நியாயம்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். அங்கே டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இடம் பொருத்திக் கொடுக்கும் பொது ஏற்பாடு 1952-ம் ஆண்டு முதல் நடக்கிறது. அதன் முடிவு மார்ச்சு மாதம் வரும். ராணுவத்துக்கென்று தனிப் பொருத்தம் உண்டு. அதன் முடிவு முந்தின டிசம்பரிலேயே வந்துவிடும். ராணுவச் செலவில் படித்தவர் முதலில் ராணுவத்திடம்தான் மனுப் போட வேண்டும். ராணுவம் விட்டால்தான் சிவிலியன் பக்கம் போகலாம். பணம் கொடுத்தவனுக்கு முதல் பாத்தியதை என்று அந்த நாடும் ஒப்புக் கொண்டிருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை

நமது நாட்டில் இந்த வழக்கம் புதிதல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்திய மெடிக்கல் சர்வீஸ் என்று ஒன்று இருந்தது. அது பட்டாளத்து டாக்டர்களின் ஸ்தாபனம். ஆனால் ஜில்லா ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வேலை, கல்லூரியில் பேராசிரியர் வேலை முதலிய சிவில் பதவிகளில் பெரும்பாலானவற்றை அவர்களுக்கே கட்டி வைத்திருந்தார்கள். கேட்டால், யுத்தம் வந்தால் கூப்பிட்டுக் கொள்ளுவதற்காக இவர்களைக் கையிருப்பாக வைத்திருக்கிறோம் என்றார்கள். 1855-ம் ஆண்டு முதல் இதற்குப் போட்டிப் பரீட்சை உண்டு. ஜாதி மதம் பாராமல் யாரும் எழுதலாம் என்றார்கள். ஆனால் பரீட்சை நடந்த இடம் லண்டன்! கப்பல் கூலி கொடுக்க முடிந்தவன், கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று அஞ்சாதவன், இவர்களுக்குத்தான் அந்தத் ‘திறந்த’ கதவு திறந்திருந்தது. வங்காளத்துச் சக்கரவர்த்தி என்பவர் அந்த முதல் வருஷமே எழுதித் தேறினார். அவரைப் போல லண்டன் போய்ச் சேரக் கூடியவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்?

அந்த சர்வீஸ் 1947-ல் வெள்ளைக்காரனோடு முடிந்தது. ஆனால் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பரீட்சை எல்லாருக்கும் பொது என்று சொல்வது சுலபம். அந்தப் பரீட்சை மண்டபத்துக்குப் போகிற பாதை எல்லாருக்கும் பொதுவா என்பதுதான் கேள்வி.

பட்டிக்காட்டு டாக்டருக்கு நடந்தது என்ன?

இனி நம் பிள்ளையின் சங்கதிக்கு வருவோம். தமிழ்நாட்டு சர்க்கார் பல வருஷங்களாக ஒரு நல்ல காரியம் செய்து வந்தது. மாநிலத்தின் கையிலுள்ள மருத்துவ மேற்படிப்பு இடங்களில் பாதியைச் சர்க்கார் டாக்டர்களுக்கு ஒதுக்கியது. கிராமத்தில் வேலை பார்த்தவர் நிபுணராகத் திரும்பி வந்து, தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஜில்லா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பார். அந்த இடங்களுக்கு உள்ளேயும் வகுப்புவாரி முறை உண்டு.

பட்டாளம் செய்வதும் இதுவேதான். முதலில் சேவை, பிறகு படிப்பு, படித்த பின் மறுபடியும் சேவை. ஆனால் இந்த முறைக்கு வந்த இடையூறுகளைப் பாருங்கள். 2016-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், மேற்படிப்புப் பட்டங்களில் இப்படித் தனியாக இடம் ஒதுக்க வழியில்லை, எட்டாக்கைப் பிரதேசங்களில் வேலை பார்த்தவருக்கு ஊக்க மார்க்கு மாத்திரம் கொடுக்கலாம் என்று சொல்லிற்று. 2017-ல் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. சர்க்கார் டாக்டர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வழக்கு நடந்தது. கடைசியாக 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு, சர்க்கார் டாக்டர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு, அதைத் தடுக்க மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷம் நவம்பர் 7-ந் தேதி தமிழ்நாட்டு சர்க்கார் உயர் சிறப்புப் படிப்புகளிலும் பாதி இடத்தை ஒதுக்கி உத்தரவு போட்டது. அதற்கும் வழக்கு. 2022 மார்ச்சு 16-ந் தேதிதான், அந்த வருஷத்துக்கு அதன்படி நடத்தலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது.

இந்த ஒதுக்கீடு இன்று முன்னைவிட அவசியம். ஏனென்றால் 2025 ஜனவரி 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, மேற்படிப்பு இடங்களை ‘இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்’ என்ற காரணத்துக்காக ஒதுக்குவது செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே நம் வரிப்பணத்தில் படித்து, நம் ஊரிலேயே இருந்து, நம் ஜனங்களுக்கே வைத்தியம் பார்க்கும் நிபுணர் வேண்டுமானால், நமக்கு மிஞ்சியுள்ள பெரிய பிடி இந்தச் சர்க்கார் டாக்டர் ஒதுக்கீடுதான்.

யோக்கியதைக் கூச்சல்

இப்படி ஒதுக்கினால் மார்க்குக் குறைந்தவர் உள்ளே வந்துவிடுவார், நோயாளி செத்துப் போவார் என்று பயமுறுத்துகிறார்கள். இந்த யோக்கியதைக் கூச்சலைச் சற்று உரித்துப் பார்ப்போம்.

ஒன்று: ஒதுக்கீட்டில் வருகிறவரும் எம்.பி.பி.எஸ். தேறியவரே. அவரும் அதே நீட் பரீட்சை எழுதியவரே. மூன்று வருஷம் கழித்து எம்.டி. பரீட்சை எழுதும்போது அவருக்கென்று தனிக் கேள்வித்தாள் கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரர் எழுதும் அதே கேள்வித்தாள், அதே பாஸ் மார்க்கு. ஒதுக்கீடு உள்ளே நுழையும் வாசலுக்குத்தான். வெளியே வரும் வாசல் எல்லாருக்கும் ஒன்றே.

இரண்டு: 2023-ம் ஆண்டு செப்டம்பரில் இந்திய சர்க்காரின் சுகாதார இலாகா என்ன செய்தது? மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று சொல்லி, நீட் முதுநிலைப் பரீட்சையின் தகுதி வரம்பை எல்லா வகுப்பினருக்கும் பூஜ்ய பெர்சென்டைல் ஆக்கிற்று. அதாவது, பரீட்சை எழுதியவர் எல்லாரும் தகுதி பெற்றவரே! தனியார் கல்லூரியில் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கொட்டக் கூடியவருக்கு அன்று பூஜ்யமும் யோக்கியதை ஆயிற்று. அந்தத் தினத்தில் ‘நோயாளி செத்துப் போவாரே’ என்று அழுதவர்கள் எத்தனை பேர்? பணத்தின் முன் வாய் மூடுகிற யோக்கியதை, பள்ளிப்பட்டு டாக்டரைக் கண்டால் மட்டும் வாய் திறக்கிறது என்றால், அதன் பெயர் யோக்கியதை அல்ல, புரட்டு!

மூன்று: இந்தக் கூச்சல் வைத்தியக் கல்லூரி வாசலில் தொடங்கிப் பல காலமாயிற்று. 1950-ல் வகுப்புவாரி உத்தரவால் தனக்கு மெடிக்கல் கல்லூரியில் இடம் கிடையாமல் போகிறது என்று செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார் சென்னை ஐக்கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. ஆனால் அந்த அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது அந்தக் கோர்ட்டிலேயே வெளிப்பட்டது! விண்ணப்பம் போடாதவருக்காக உத்தரவு போயிற்று. விண்ணப்பம் போட வேண்டிய லட்சக்கணக்கான பிள்ளைகளுக்காக அதே 1951-ல் அரசியல் சட்டத்தை முதல் தடவையாகத் திருத்த வேண்டியதாயிற்று. 2022 ஜனவரி 20-ந் தேதி, மேற்படிப்பில் பிற்பட்டவர் ஒதுக்கீடு பற்றிய வழக்கில், பரீட்சை மார்க்கு ஒன்று மாத்திரமே யோக்கியதை ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. எழுபது வருஷம் ஆயிற்று, இந்த ஒரு வார்த்தையைக் கேட்க!

இன்னொரு ஆக்ஷேபணையும் உண்டு. “பட்டாளம் தன் சொந்த ஆஸ்பத்திரியில் தன் ஆளுக்குக் கொடுக்கிறது. நீங்கள் பொது இடத்தை எடுக்கிறீர்களே” என்கிறார்கள். ஸ்டான்லியும் கீழ்ப்பாக்கமும் யார் பணத்தில் நடக்கின்றன? அம்பத்தூர் தொழிலாளி வாங்கும் ஒவ்வொரு சோப்புக் கட்டியிலும் வரி இருக்கிறது. பட்டாளத்துக் கல்லூரி பட்டாளத்துக்குச் சொந்தம் என்றால், ஜனங்களின் கல்லூரி ஜனங்களுக்குச் சொந்தம். ஜனங்களுக்கு உழைக்கிறவனுக்கு அங்கே முதல் வரிசை கொடுத்தால் என்ன குற்றம்?

காலி நாற்காலி

நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சட்டமும் கோர்ட்டும் நான் பத்திரிகை படித்துத் தெரிந்து கொண்டவை. ஆனால் இந்த விஷயத்தை எனக்குப் பத்திரிகை கற்றுக் கொடுக்கவில்லை. என் தங்கை கற்றுக் கொடுத்தாள்.

இருபது வருஷத்துக்கு முன் ஒரு மழை ராத்திரி. அவளுக்குத் தலைப் பிரசவம். ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டு போனோம். பார்த்த டாக்டரம்மா, குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். செய்யுங்கள் அம்மா என்றேன். “நான் செய்வேன், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இங்கே இல்லை, பட்டணத்துக்குக் கொண்டு போங்கள்” என்றார். அந்த அம்மாள் பேரில் குற்றமில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்த ராத்திரி போன போக்கு இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. தங்கை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

எங்கள் பாட்டி, “மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யவில்லை, அதனால்தான்” என்றாள். சொந்தக்காரர்கள் தலையெழுத்து என்றார்கள். நான் அன்றே சொன்னேன், இன்றும் சொல்லுகிறேன்: அது தலையெழுத்து அல்ல, காலி நாற்காலி. ஒரு மயக்க மருந்து நிபுணர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார வேண்டியவர் எங்கே படித்தார், படித்து எங்கே போனார் என்பதுதான் என் மருமகப் பிள்ளையின் உயிர். மாரியாத்தாளுக்கு எத்தனை கூழ் ஊற்றினாலும் நாற்காலி நிரம்பாது. ஒதுக்கீட்டில் படித்து ஊருக்குத் திரும்பி வருகிற டாக்டர் ஒருவரால் நிரம்பும்.

நமது பிள்ளைகளுக்கு

நிற்க. நம்மவர்களையும் நாம் கண்டிக்காமல் இருக்க முடியாது. சேவையைக் காட்டி இடம் வாங்கிப் படித்துவிட்டு, எழுதிக் கொடுத்த பத்திரத்துக்குப் பணத்தைக் கட்டிவிட்டு ஓடுகிற டாக்டர், அந்த நாற்காலியைத் திருடினவர் ஆகிறார். டியூட்டி நேரத்தில் சொந்த கிளினிக்கில் உட்காருகிறவரும் அப்படியே. இவர்கள்தான் எதிரிகளுக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிறவர்கள். பட்டாளத்தில் இப்படிச் சொல்லாமல் போனால் பெயர் ஓடுகாலி. ஊர் ஆஸ்பத்திரியை விட்டு ஓடினால் பெயர் ‘ஸ்பெஷலிஸ்டு’! இதையும் மாற்ற வேண்டும்.

இன்னொரு வெட்கக்கேடு. எம்.பி.பி.எஸ். படித்த பிள்ளை, பட்டாளமா சிவிலா என்று ஜோஸ்யனிடம் கேட்கப் போகிறது! விண்ணப்பம் போட ராகுகாலம் பார்க்கிறது! 2024-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி நடக்க வேண்டிய இந்த முதுநிலைப் பரீட்சையை முந்தின நாள் இரவு தள்ளி வைத்து, ஆகஸ்டு 11-ந் தேதி நடத்தினார்கள். எந்தப் பஞ்சாங்கம் அதை முன்கூட்டிச் சொல்லிற்று? நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்தவர்களும் உடைக்காதவர்களும் சேர்ந்தேதான் அவஸ்தைப்பட்டார்கள்.

ஜோஸ்யனிடம் கேட்பதை விட்டு, உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு எந்த வேலையில் மனம் இருக்கிறது? படிப்புக்குப் பின் எத்தனை வருஷம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைச் செய்ய நான் தயாரா? எந்த வரிசையில் என் இடம் இருக்கிறது? பட்டாளம் என்றால் அந்த வருஷத்து அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். உடல் தகுதியும் பார்ப்பார்கள். சர்க்கார் டாக்டர் ஒதுக்கீடு என்றால் சேவைச் சான்றிதழையும் ஜாதிச் சான்றிதழையும் கடைசி நாளுக்கு வைத்துக் கொள்ளாதீர்கள். கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக் குழுவின் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். பெண் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புவதா என்று இழுக்கிற பெற்றோர்களே, 1912-ல் சென்னை மெடிக்கல் கல்லூரியில் முத்துலட்சுமி அம்மையார் பட்டம் வாங்கியபோதும் உங்களைப் போன்றவர்கள் இப்படித்தான் இழுத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இழுத்தது போதும்.

கடைசியாக அந்தப் பெரியவருக்கு நாம் சொல்லிக் கொள்ளுவது இதுதான். ஐயா, பட்டாள டாக்டருக்குக் கொடுக்கும் மரியாதையை ஒரு அணுவும் குறைக்க வேண்டாம். எல்லையிலே சிப்பாய் சாகாமல் காக்கிறவனுக்கு எந்த நியாயத்தால் முதல் வரிசை கொடுத்தீர்களோ, அந்த நியாயத்தை அப்படியே எடுத்துக் கொண்டு வந்து, பள்ளிப்பட்டில் பிரசவிக்கும் பெண் சாகாமல் காக்கிறவனுக்கும் கொடுங்கள். ஒன்றுக்கு மாலை போட்டு மற்றொன்றுக்கு ஏச்சுப் பேசுவீர்களானால், நீங்கள் மரியாதை செய்வது சேவைக்கு அல்ல, சட்டையின் நிறத்துக்கு என்றுதான் ஆகும். உங்கள் பேத்திக்கு வலி எடுக்கிற ராத்திரியில், நாற்காலியில் டாக்டர் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பீர்களே ஒழிய, அவர் எந்த வரிசையில் வந்தார் என்று கேட்க மாட்டீர்கள்.